தொகைப்பொறி கண்ட ஜோர்ஜ் ஜூலியஸ்

நளன் சரிதத்தை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் ஓரிடத்தில் யான் சிறிது தயங்குவதுண்டு. சூதிலே நாடும் நகரும் இழந்து, மனைவி மக்களைப் பிரிந்து, உருவும் மாறி, வாகுகன் என்னும் பெயரோடு தேர்ப்பாகனாய் அமர்ந்த நளன், இருதுபன்னனைத் தேரேற்றிக்கொண்டு குதிரைகளை முடுக்குகின்றான். வழியிலே நின்ற தான்றி மரமொன்றைக் கண்ட அரசன், அதன் காய்களின் தொகையைப் பார்த்த மாத்திரத்திலே சொல்லிவிடுகின்றான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கின்றான், தொகை பிழைக்கவில்லை. தான் அறிந்த குதிரை நூலை அரசனுக்குக் கொடுத்து, அரசன் அறிந்த எண்ணும் வித்தையைத் தான் பெற்றுக்கொள்கின்றான். கலி அவனை விட்டகல்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணாக்கன் ஒருவன் எழுந்து, மரத்திலுள்ள காயை எண்ணுவதற்கும் சூதுக்கும் என்ன தொடர்பு என்று வினாவினான். தான்றிக்காயே பண்டைக்காலத்துச் சூதுக்கருவி என்று சொல்லி அவ்வளவில் அமைந்தேன். சொன்னது சரியே, ஆயினும் அவன் கேட்டதற்கு அது முழு விடையன்று என்பது எனக்கே தெரிந்தது. அந்தக் குறை மனத்திலே கிடந்த நாளில், கணிதம் படிப்பிக்கும் நண்பரொருவர் வாயிலாக அவுஸ்திரேலியப் பொறியியலாளர் ஒருவரின் வரலாற்றை அறியலானேன். குதிரையும், எண்ணும் வித்தையும், சூதும் அவர் வாழ்விலும் வந்து கூடியிருந்தன. அவர் பெயர் சேர் ஜோர்ஜ் அல்பிரட் ஜூலியஸ். குதிரைப் பந்தயத்தைக் கண்ணாலும் காணாத யான் அவர் வரலாற்றை எழுதப் புகுவது நகைப்புக்கிடமாகலாம். பந்தயப் பொறி செய்யத் தொடங்கியபோது அவரும் பந்தயத் திடலைக் கண்டவரல்லர் என்பதே எனக்குள்ள துணிவு.

ஜூலியஸ் 1873 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இங்கிலாந்திலே நோறிச் நகரிற் பிறந்தார். தந்தையார் சேர்ச்சில் ஜூலியஸ் அங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். 1884 இல் அவர் அவுஸ்திரேலியாவிலுள்ள பல்லராற் நகருக்குத் திருப்பணி பூண்டு செல்ல, குடும்பம் முழுவதும் கடல் கடந்தது. மெல்பேணிலே மைந்தர் பள்ளியிற் பயின்றார். 1890 இல் தந்தையார் நியூசிலாந்திலே கிறைஸ்ட்சேர்ச் நகரின் மேற்றிராணியாராயினார்; பிற்காலத்தில் அந்நாட்டின் முதல் அதிமேற்றிராணியார் என்னும் பதவியும் அவரைச் சார்ந்தது. இவ்வளவும் ஒரு குருவானவரின் உத்தியோக வரலாறு. நமக்கு வேண்டியது வேறொன்று. அப்பெரியார்க்கு மணிக்கூடுகளைக் கழற்றிப் பூட்டிச் சீர்செய்வதிலே தணியாத விருப்பம் இருந்தது. பல்லுச் சக்கரம் ஒன்றை ஒரு பல்லுக்குமேல் ஓடவிடாது தடுத்து, விட்டு, மறுபடியும் தடுக்கும் அந்தச் சிறு கருவியின் தாளத்தைச் சிறுவராகிய ஜோர்ஜ் தந்தையின் மேசையருகே நின்று கற்றார். பின்னாளில் உலகம் வியந்த பொறியின் உயிர்நிலை அத்தாளமே.

கன்ரபெரிக் கல்லூரியிலே இயந்திரப் பொறியியல் கற்று, 1896 இற் பட்டம் பெற்று, மேற்கு அவுஸ்திரேலியப் புகையிரதப் பகுதியில் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1898 இல் ஈவா என்னும் மங்கையை மணம் புரிந்தார். அவர் தந்தை சி. வை. ஓகொனர், பிறீமான்ரில் துறைமுகத்தை அமைத்தவர். வறண்ட பொன்வயல் நாட்டுக்கு நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து குழாய்வழியே நீர் கொண்டு செல்லும் பெருந்திட்டத்தை வகுத்தவர். அவ்வாறு நீரேற்றல் ஒருபோதும் ஆகாது என்று பத்திரிகைகளும் அரசியலாரும் தூற்றிய தூற்றலைத் தாங்கமாட்டாது அவர் 1902 இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலே நீர் பொன்வயலைச் சேர்ந்தது. கணக்குச் சரியாயிருந்தும் ஊர்வாய் அதனை நம்பாவிடின் என்ன நேரும் என்பதை மருமகன் கண்முன்னே கண்டார். இதனை அவர் தம் தொழிலுக்குப் பாடமாகக் கொண்டாரோ என்று சொல்ல எனக்குச் சான்றில்லை; ஆயினும் இச்செய்தியைத் தாண்டி அவர் வரலாற்றை எழுத என் கை எழவில்லை.

மேற்கு அவுஸ்திரேலியாவின் வைர மரங்களின் வலிமையைச் சோதித்து அவர் எழுதிய ஆய்வு 1906 இல் வெளிவந்தது. அதன் பயனாக மரவணிக நிறுவனமொன்றின் பொறியியலாளராகி 1907 இற் சிட்னி சென்றார். பின்னர்த் தனித்து ஆலோசனைப் பொறியியலாளராயினார்.

இக்காலத்திலேதான் மேற்கிலிருந்த நண்பர் ஒருவர் அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தேர்தலிலே மனிதர் கை படாமல் வாக்குகளை உடனுக்குடன் பதிந்து கூட்டித் தரும் பொறியொன்று வேண்டும் என்பது அது. எண்ணுவோர் பிழைவிடலாம், வேண்டுமென்றே பிழைவிடவுங் கூடும், பொறிக்குக் கட்சியில்லை. ஜூலியஸ் அத்தகைய பொறியொன்றை வகுத்தார். அது பொதுநலவாய அரசாங்கத்தின்முன் வைக்கப்பட்டது. அரசாங்கத்தார் வேண்டாமென்று மறுத்துவிட்டனர். குடியாட்சிக்கெனச் சமைத்த பொறி கொள்வாரின்றிக் கிடந்தது.

அப்பொழுது நண்பரொருவர் பந்தயத் திடல்களிலே தொகை கூட்டுதற்குப் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். வாக்குக்குப் பதில் பணம், வேட்பாளருக்குப் பதில் குதிரை, மற்றெல்லாம் ஒன்றே. இதனைக் கேட்ட மேற்றிராணியார் மகனார் முகஞ் சுளித்தாரல்லர். சூதிலன்றிக் கணக்கிலே அவர் மனம் பற்றியது.

அக்கணக்கை விளங்கிக்கொள்ளப் பந்தயத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பழைய முறையிலே பந்தயம் ஏற்பவர் ஒருவர் நிற்பார். ‘புக்கி’ என்று நம்மூரவர் சொல்வது இவரைத்தான். இன்ன குதிரை வென்றால் ஒன்றுக்கு ஐந்து தருவேன் என்று அவர் விகிதம் கூறுவார். கூறும்போது அது அவரது மதிப்பு. கூறிய பின்னர் அது அவர் கையில் இல்லை. சனங்கள் ஒரு குதிரைமேற் பணத்தைக் கொட்டினால் அதன் விகிதத்தைக் குறைப்பார். கொள்வாரற்ற குதிரையின் விகிதத்தை உயர்த்துவார். எக்குதிரை வென்றாலும் தம் கைம்முதல் அழியாதிருக்க வேண்டுமென்பது அவர் நோக்கம்.

ஆயினும் எல்லார் பணமும் அவர்க்கு ஒரே நிறையினதன்று. பொதுசனம் பெயரை நோக்கும். சென்ற முறை வென்றதை நோக்கும். குதிரையோட்டியின் புகழை நோக்கும். அழகிய பெயருக்காகவே பணங்கட்டுவாரும் உளர். இவர்கள் ஆயிரம் ரூபா கட்டினும் புக்கி பெரிதும் அசையார். குதிரை இலாயத்துச் செய்தி அறிந்தவரும், ஆண்டு முழுவதும் ஓட்டங்களைக் குறித்து வைத்துக் கணிப்பவருமாகிய தொழிற் சூதர் ஒருவர் நூறு ரூபா கட்டினாற்போதும். உடனே விகிதம் மாறும். பணத்துக்காகவன்று, அப்பணத்தோடு வந்த அறிவுக்காக. இதனை உணர்ந்த சூதரும் தம் முகத்தை மறைப்பர். அறியாதவர்போல் உடுத்த ஆள்களைக் கொண்டு பலரிடமும் ஒரே நேரத்திற் பணங்கட்டுவிப்பர். புக்கியும் அத்தகையோரை இனங்கண்டு, இவரிடம் வாங்கேன் என்று மறுத்தலும் உண்டு. விகிதப் பலகையில் எழுதப்படும் எண் ஒன்றேயாயினும், அதன் பின்னே இவ்விரு திறத்தாரும் கயிறிழுத்துக்கொண்டிருந்தனர்.

இதற்கு மாற்றாக வேறொரு முறையைக் கண்டவர் யோசப் ஒல்லர். ஸ்பானியாவிலே தெராசா என்னும் ஊரில் 1839 இற் பிறந்து, பாரிஸ் நகரில் வாழ்ந்தவர். 1889 இல் மூலின் ரூஜ் என்னும் களியாட்ட மண்டபத்தைத் தொடக்கியவருள் ஒருவரும் இவரே. 1860 களில் இவர் வகுத்த முறை மிக எளியது. பந்தயம் ஏற்பவர் என ஒருவர் வேண்டா. எல்லார் பணமும் ஒரு பெட்டியிற் சேரும். செலவுக்கென ஒரு பங்கு கழிக்கப்படும். எஞ்சியதை வென்ற குதிரைமேற் கட்டியவர்கள் தாம் கட்டிய அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்வர். விகிதத்தைக் கூறுவார் ஒருவருமிலர். கூட்டத்தின் பணமே விகிதமாகின்றது. பிரெஞ்சு நீதிமன்றம் இதனையுஞ் சூதென்றே கொண்டு 1870 களில் அவரைத் தண்டித்தது. அதே நாட்டின் சட்டம் 1891 இல் அம்முறையைப் பந்தயத் திடல்களிலே அங்கீகரித்தது. சட்டத்தின் போக்கைப் பற்றி இங்கே விரித்தல் வேண்டா.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன்; கணிதம் அஞ்சுவோர் இப்பந்தியைத் தாண்டிச் செல்லலாம். வெள்ளை, கருமை, செம்மை என மூன்று குதிரைகள். வெள்ளையின்மேல் 600 ரூபா, கருமையின்மேல் 300, செம்மையின்மேல் 100, ஆக 1,000. பத்திலொரு பங்கு கழிய எஞ்சுவது 900. வெள்ளை வென்றால் ஒரு ரூபாவுக்கு ஒன்றரை ரூபா. கருமை வென்றால் மூன்று. செம்மை வென்றால் ஒன்பது. இந்நிலையிற் தொழிற் சூதர் ஒருவர் வருகின்றார். கருமைக் குதிரை இரண்டில் ஒரு தடவை வெல்லும் என்பது அவர் கணிப்பு. இரண்டுக்கு மேல் எது கிடைத்தாலும் அவர்க்கு இலாபம்; பலகையிலோ மூன்று தெரிகின்றது. ஆசைப்பட்டு 300 ரூபாவைக் கட்டிவிடுகின்றார். மொத்தம் 1,300, கழிவு போக 1,170, கருமையின்மேல் உள்ளது 600. ஒரு ரூபாவுக்குக் கிடைப்பது 1.95 தான்! அவர் கண்ட இலாபத்தை அவர் பணமே விழுங்கிவிட்டது. நூறு மட்டும் கட்டியிருப்பின் 2.475 கிடைத்திருக்கும். புக்கியிடத்திலே தம் அறிவை மறைக்க வேண்டியிருந்த சூதர், இங்கே தம் பேராசையை அளக்க வேண்டியவராகின்றார். அவர் முன்னதாகக் கட்டினாற் பலகையின் மாற்றத்தைக் கண்ட கூட்டமும் அக்குதிரையைப் பின்பற்றும். விகிதம் இன்னுங் குறையும். ஆகவே ஓட்டம் தொடங்கும் கடைசிக் கணம்வரை அவர் காத்திருப்பார்.

இம்முறை நேர்மையாய் நடத்தற்கு ஒன்று இன்றியமையாதது. தொகை அப்போதைக்கப்போது சரியாகக் கூட்டப்பட்டு எல்லார் கண்ணுக்குந் தெரிதல் வேண்டும். பல சாளரங்களிலே பல எழுதுவினைஞர் ஒரே நேரத்திற் சீட்டு விற்பர். ஒவ்வொருவர் கணக்கையும் ஓடியோடிச் சேர்த்துக் கையாற் கூட்டிப் பலகையில் எழுதுவதற்குள் அத்தொகை பழந்தொகையாகிவிடும். கடைசி நிமிடத்து நெருக்கத்திலே கணக்குப் பிழைக்கும். விற்ற சீட்டுக்கும் பெட்டியிலுள்ள பணத்துக்கும் பொருத்தமிராது. ஓட்டம் தொடங்கிய பின்னர் வெல்லும் குதிரைக்குச் சீட்டு எழுதிக்கொள்ளும் களவுக்கும் இடமுண்டு. நியூசிலாந்திலே இம்முறைக்கு 1881 முதலே உத்தரவுபெற்று நடத்தும் சட்டம் இருந்தது; 1910 இற் புக்கிகளை விலக்கியும் சட்டமியற்றினர். ஆகவே அந்நாட்டிலே பந்தயப் பணம் முழுவதும் சட்டப்படி சேரவேண்டிய இடம் இந்தக் கைக்கணக்குப் பெட்டியே ஆயிற்று.

ஜூலியஸ் இதிலே தம் மனத்தை ஈர்த்த சிக்கல் எதுவென்று பின்னாளிற் சொல்லியுள்ளார். பலர் ஒரே குதிரைக்கு, ஒரே கணத்திலே சீட்டு விற்றாலும், ஒன்றுகூடத் தவறாமற் கூட்டவேண்டும். ஒருவர் பின் ஒருவராக வந்தாற் கூட்டுதல் எளிது. இருவர் ஒருங்கே கதவைத் தள்ளினால் இருவரும் உள்ளே வருதல் எங்ஙனம்? அவர் கண்ட வழி வருமாறு. ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு தடுப்புச் சக்கரம், மணிக்கூட்டில் உள்ளதுபோல்; ஒரு சீட்டு விற்றால் அது ஒரு பல்லளவு விடும். அவ்விரண்டு சக்கரங்களின் அசைவும் இடையிலுள்ள வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதியிலே சேரும். ஒன்று அசையின் அரைப்பங்கு சுழற்சி. இரண்டும் அசையின் முழுப்பங்கு. முன்பின்னாயினும் ஒருங்கேயாயினும் தொகை ஒன்றே. இத்தகைய தொகுதிகளை இரண்டிரண்டாய் இணைத்துக்கொண்டே போனாற் பலப்பல சாளரங்களின் விற்பனையும் இறுதியில் ஒரு தண்டின் சுழற்சியாகிவிடும். தொகையைக் காட்டும் பெருஞ் சக்கரங்கள் பாரமானவை. அவை சட்டென்று அசையா. ஆகையால் விரைந்துவரும் எண்ணிக்கையைச் சிறிது தேக்கிவைத்து மெல்லக் கொடுக்கும் உறுப்பொன்றையும் இடையே பொருத்தினார். மழைவெள்ளத்தைக் குளத்தில் ஏற்று மதகாற் பாய்ச்சுவது நம் நாட்டார் அறிந்த முறைதானே.

முதன்மாதிரியைத் தம் வீட்டிலேயே அவர் செய்தார். மைந்தரும் உடனிருந்து உதவினர். அரசாங்கம் வேண்டாமென்ற பொறி உருமாறிப் பந்தயக் கழகத்தாரின் வாயிலை அடைந்தது.

1913 ஆம் ஆண்டு நியூசிலாந்திலே ஒக்லண்ட் நகரையடுத்த எல்லேர்ஸ்லிப் பந்தயத் திடலில் முதற் பொறி நிறுவப்பட்டது. மின்விசை அதற்கில்லை. பெரும்பாரக் கட்டிகளைத் தூக்கித் தொங்கவிட, அவை மெல்ல இறங்கும் விசையாலே முழுப்பொறியும் இயங்கிற்று. இதுவும் மணிக்கூட்டின் முறையே. ஒரு கட்டடத்தை நிறைத்து, பியானோக் கம்பிகளும் கப்பிகளும் சைக்கிட் சங்கிலிகளும் வார்ப்பிரும்புப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த அக்காட்சியைக் கண்டவர்கள், இஃது எங்கே ஓடப்போகின்றது என்று ஐயுற்றனர். ஓடியது. ஒவ்வொரு குதிரைமேலும் கட்டிய பணமும் மொத்தப் பணமும், சீட்டு விற்க விற்கத் திடலிலுள்ளார் எல்லாரும் காண மாறிக்கொண்டே வந்தன.

இவ்விடத்திலே வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அதற்கு முன்னும் கூட்டத்தின் பணமே விகிதத்தை ஆக்கியது. ஆனால் அவ்வாறு ஆக்குவதைக் கூட்டம் உடனுக்குடன் நம்பத்தக்கவாறு கண்டதில்லை. தன் முகத்தைத் தானே பார்க்கும் கண்ணாடியொன்றைக் கூட்டத்தின்முன் ஜூலியஸ் தூக்கி நிறுத்தினார். கண்ணாடி பார்ப்பவன் அதைப் பார்த்தே தன் முகத்தை மாற்றிக்கொள்வதுபோல், பலகையிலுள்ள எண்ணைக் கண்டு சனங்கள் பணங்கட்ட, அதனால் எண் மாற, மாறிய எண்ணைக் கண்டு மறுபடியும் கட்டினர்.

கூட்டத்தின் மதிப்பு அறிவுடையதா, அறிவற்றதா என்பது அறிஞர் உள்ளத்தை அக்காலத்திலே தொட்ட வினா. 1907 இல் இங்கிலாந்துப் பேரறிஞர் பிரான்சிஸ் கால்ற்றன், கால்நடைச் சந்தையொன்றிலே எருதொன்றின் இறைச்சி நிறையை ஊகித்துச் சீட்டெழுதிய 787 பேரின் மதிப்புகளை ஒழுங்குபடுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற மதிப்பு 1,207 இறாத்தல். மெய்யான நிறை 1,198 இறாத்தல். கூட்டத்தை ஏளனஞ் செய்வோர்க்கு இது நல்ல விடை. பந்தயத் திடலைப்பற்றி 1949 இல் கிரிபித் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்தார். பொதுவாகக் கூட்டம் நிர்ணயிக்கும் விகிதம் உண்மையை ஒட்டியே நிற்கின்றது; ஆனால் வெல்லுதற்கு அரிய குதிரைகளின்மேல் மட்டும் தகுதிக்கு மேற்பட்ட பணம் குவிகின்றது என அவர் கண்டார். ஒரு ரூபாவை வைத்து ஐம்பதை அள்ளலாம் என்னும் கனவு கணக்கைக் கெடுக்கின்றது. தொழிற் சூதர் வாழ்வது இந்தக் கனவின் விலையில். திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தபோது இலாயத்துச் செய்தியும் விகிதப் பலகையும் இல்லை. ஆயினும் பெறும் ஒன்றைக் காட்டி இழக்கும் நூறை மறைக்கும் அதன் இயல்பை அவர் கண்டிருந்தார்.

1917 இல் ஜூலியஸ் தம் பொறிகளைச் செய்து நிறுவுதற்கெனத் தனி நிறுவனமொன்றை அமைத்தார். பின்வந்த பொறிகள் மின்விசையால் இயங்கின. சீட்டை அச்சிடும் கருவியும் கூட்டலோடு இணைந்தது. சீட்டு வெளிவந்தால் தொகை ஏறியே தீரும். தொகை ஏறாமற் சீட்டு வராது. பொறியைப் பூட்டிவிட்டால் ஓட்டம் தொடங்கிய பின் ஒருவருக்கும் சீட்டில்லை. எழுதுவினைஞரின் களவு இவ்வாறு ஒழிந்தது. 1928 இற் பாரிஸ் நகரத்து லோங்ஷான் திடலிலும், 1930 இல் இலண்டன் ஹரிங்கே நாய்ப் பந்தய அரங்கிலும், 1932 இல் அமெரிக்காவிலே புளோரிடாவிலுள்ள ஹயலீயாத் திடலிலும் இப்பொறிகள் இடம்பெற்றன. இலத்திரனியற் கணினி தோன்றுதற்கு முன், பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் பெருங் கணிப்பொறி இத்துணை அளவில் வேறெங்கும் இயங்கவில்லை எனச் சொல்வோர் பலர். போர்க்கலைக்கோ வானியலுக்கோ முன்னாக, குதிரைக்குப் பணங்கட்டிய கூட்டத்துக்கு அவ்வசதி கிடைத்ததை எண்ணுந்தோறும் எனக்கு ஒருபுறம் நகையும் ஒருபுறம் வருத்தமுமே தோன்றும்.

ஜூலியஸ் பொறி செய்து பொருளீட்டியதோடு அமைந்தாரல்லர். 1926 இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சிச் சபையை அமைத்தபோது அதன் முதற் றலைவராய் அவரையே நியமித்தது. முன்னொருகால் அவர் வாக்குப் பொறியை வேண்டாமென்ற அதே பொதுநலவாய அரசாங்கம் இது. பத்தொன்பது ஆண்டுகள், 1945 வரை, அப்பதவியில் இருந்தார். பயிரும் கால்நடையுமே பொருளாகத் தொடங்கிய அச்சபை, அவர் தலைமையிலே வானூர்தி, அளவை நியமம், வானொலிப் பௌதிகம் எனக் கைத்தொழிற்றுறை ஆராய்ச்சிகளிலும் விரிந்தது. பொறியியலாளர் கழகத்துக்கும், ஆணி முதல் பாலம் ஈறாகப் பொருள்களுக்குத் தர அளவு வகுக்கும் சங்கத்துக்கும் அவர் தலைமை பூண்டார். 1929 இற் சேர் பட்டம் பெற்றார். அவருடைய சபையே பிற்காலத்தில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என உலகறிந்த நிறுவனமாயிற்று. 1946 ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிட்னியிலே அவர் காலமானார்.

பொறி எண்ணிய கணக்கு பிழைக்கவில்லை. ஆயின் கணக்குக்குள் வரும் பணத்தின் நோக்கத்தைப் பொறி அறியாது. அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளின் பின், 1964 ஜூன் 30 ஆந் திகதி, இலண்டனையடுத்த டகெனம் நாய்ப் பந்தய அரங்கில் நிகழ்ந்த சூழ்ச்சி இதற்குச் சான்று. முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வரும் நாய்களை முறைப்படி கூறும் பந்தயம் அது. கூட்டத்தொகை முறையின்படியே பணம் பிரிக்கப்படும். சூழ்ச்சிக்காரர் நூற்றுக்கு மேற்பட்ட ஆள்களை அனுப்பிச் சீட்டுச் சாளரங்கள் எல்லாவற்றையும் அடைத்து நிற்கச் செய்தனர். அவர்கள் வெல்லமாட்டா எனத் தெரிந்த நாய்களின்மேற் சீட்டுகளை வாங்கிக்கொண்டே நின்றனர். பின்னால் நின்ற பொதுசனத்துக்கு ஒரு சீட்டும் வாங்க முடியவில்லை. முடிவில் வென்ற இணைக்கு ஒரேயொரு சீட்டுத்தான் விற்பனையாகியிருந்தது. இரண்டு சிலிங் சீட்டுக்கு 987 பவுண் 11 சிலிங் 9 பென்ஸ் எனப் பொறி கணக்கிட்டது. அரங்கிற் கிடைக்கும் அச்சிறு பணம் அவர்கள் குறியன்று. வெளியூர்ப் பந்தயக் கடைகளிலே, அரங்கின் விகிதப்படி தருவதென்னும் ஒப்பந்தத்தில், அதே இணைக்கு அவர்கள் முன்னரே பல சீட்டுகள் எழுதியிருந்தனர். கடைக்காரர் செய்தியறிந்து பணங்கொடுக்க மறுக்க, வழக்கும் வாதமும் எழுந்தன. கூட்டத்தை உள்ளே வரவிடாது தடுத்துவிட்டுக் கூட்டத்தின் விகிதம் எது என்று கேட்டால் எந்தப் பொறிதான் என்ன செய்யும்? எண்ணுபவரின் கள்ளத்தை ஜூலியஸ் ஒழித்தார். எண்ணப்படுபவரின் கள்ளம் எஞ்சி நின்றது. வாக்குப் பெட்டிக்கும் இது பொருந்துமே என்று என் நண்பர் சொன்னார். யான் மறுக்கவில்லை.

நூற்றாண்டின் இறுதியிலே தொழிற் சூதரின் கோலமும் மாறிற்று. இலாயத்திற் செவிகொடுத்து நின்ற காலம் போய், ஹொங்கொங் திடல்களிலே கணினியோடு அமர்ந்து, ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் நிறுத்துப் பார்த்துப் பணங்கட்டும் குழுவினர் தோன்றினர். இவர்கள் கண்ட ஓருண்மை குறிக்கத்தக்கது. தம் கணினி சொன்ன மதிப்பை மட்டும் நம்பியதைவிட, பலகையிலே கூட்டம் காட்டிய விகிதத்தையும் அதனோடு சேர்த்துக் கணித்தபோதே அவர்கள் கணக்குச் செம்மையாயிற்று. கூட்டம் அறிந்த ஏதோவொன்று கணினிக்கு எட்டாதிருந்தது. அக்கூட்டத்திடமிருந்தே அவர்கள் பொருளை வென்றனர் என்பது வேறு செய்தி.

என் மாணாக்கன் பள்ளி விட்டுச் சென்று பல்லாண்டுகளாயின. அவனைக் காணின் இப்போது சிறிது கூடச் சொல்வேன். சூதிலே தோற்றவன் காய் விழும் விதியை நொந்துகொண்டிருந்தான். எண்ணத் தெரிந்தவனுக்கோ எத்தனை காய், எவ்வளவு பங்கு என்பது தெரிந்தது. தெரிந்தபின் கலிக்கு அங்கே வேலையில்லை. மீண்டும் சூதாடித் தன் நாட்டை வென்ற நளன் அதன்பின் ஆடியதாகக் கதையில் இல்லை.

ஹரிங்கே அரங்கின் பொறி 1987 இல் அவ்வரங்கு மூடப்படும்வரை இயங்கியது. பின்னர் இலண்டன் விஞ்ஞான நூதனசாலை அதனை ஏற்றுக்கொண்டது. பிறிஸ்பேன் நகரத்து ஈகிள் பார்ம் பந்தயத் திடலிலே இன்னொரு பொறி பழைய கட்டடத்தோடு பேணப்பட்டது. ஜூலியஸ் தம் கையாற் செய்த முதன்மாதிரி சிட்னி நூதனசாலையைச் சேர்ந்தது. வாக்கெண்ணுதற்கென அவர் முதலிலே வகுத்த பொறி மட்டும் எந்தத் தேர்தலிலும் எண்ணவில்லை.